பல் கிளினிக்கில் கருவி சுத்தம்: ஒரு சேரிலிருந்து அடுத்த சேர் வரை

உச்சிப்புளிப் பக்கம் ஒரு சிறிய பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு சேர், ஒரு டாக்டரம்மா, கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஒரு ஆட்டோகிளேவ். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குப் பழக்கிவிடுவதும் என் வேலைதான். வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். எதற்கு அப்புறம் எது என்ற வரிசை பிசகும், அல்லது நம் ஊர்த் தண்ணீரும் உப்புக்காற்றும் என்ன செய்யும் என்பது தெரியாமல் போகும். அதனால் ஒரு நோயாளி எழுந்ததிலிருந்து அதே கருவி அடுத்தவர் வாய்க்குள் போகும் வரை, நாங்கள் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. வேலை தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் உடம்பு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. பலர் இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 10 யூனிட்டுக்குக் குறைந்தால் டாக்டரிடம் சொல்லி மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ஊசி போட்டாயிற்று என்பது வேறு, பிடித்திருக்கிறதா என்பது வேறு.

அடுத்து இடம். கருவி அறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதை அழுக்கு, பொதி, சுத்தம் என மூன்றாகப் பிரியுங்கள். எங்கள் அறை எட்டடிக்கு ஆறடி. ஒரு முனையில் சிங்க், நடுவில் மேடை, மறுமுனையில் ஆட்டோகிளேவும் அலமாரியும். கருவி ஒரே திசையில்தான் நகரும், திரும்பி வராது. நடுவில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். டேப்பைத் தாண்டிய க்ளவுஸ் கை இந்தப் பக்கம் எதையும் தொடக் கூடாது.

மூன்றாவது தண்ணீர். நம் கடற்கரையில் இதுதான் பாதித் தொல்லை. போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்தால் சிங்க்கில் கழுவலாம், ஆனால் ஆட்டோகிளேவுக்குள் ஊற்றக் கூடாது. இருபது லிட்டர் கேன் தண்ணீரும் கூடாது. குடிக்க நன்றாக இருக்கும் தண்ணீரிலும் உப்புகள் உண்டு, அவை ஹீட்டர் மேல் சுண்ணாம்பாகப் படியும். வாலை வடித்த டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும். பேட்டரிக் கடைக் கேனில் அப்படி எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொரு கேனையும் திறந்தவுடன் அளந்து பாருங்கள். ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். பத்தைத் தாண்டினால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம்.

நான்காவது கரண்ட். ஆட்டோகிளேவ் இழுக்கும் கரண்டை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. அதற்கென்று தனி லைன், 16 ஆம்பியர் பிளக், ஸ்டெபிலைசர், எலக்ட்ரீஷியன் சோதித்துக் கொடுத்த எர்த் நான்கும் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்தும் நாள் முன்கூட்டியே பேப்பரில் வரும். அதைக் காலண்டரில் வட்டம் போட்டு, முந்தின இரவே எல்லாச் செட்டையும் ஓட்டி முடித்துவிடுங்கள்.

2. செட் கணக்கு போடுங்கள்

இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. பெரும்பாலான தப்புகளுக்கு மூலம் இதுதான்.

ஒரு நோயாளிக்கு வேண்டிய கருவிகள் ஒரு செட். கழுவ, காயவைக்க, பவுச் (ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பிளாஸ்டிக் உள்ள உறை) போட முக்கால் மணி நேரம். ஆட்டோகிளேவ் சூடாகி, ஓடி, உலர ஒரு மணி நேரம். ஆறுவதற்குக் கால் மணி. ஆக ஒரு செட் சேரை விட்டுப் போனால் திரும்பி வர இரண்டு மணி நேரம். மணிக்கு நான்கு பேர் பார்க்கிற கிளினிக் என்றால் எட்டு செட் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கையில் இரண்டு அவசரச் செட் வேண்டும். ஆக பத்து.

மிர்ரர், ப்ரோப், ட்வீசர் பத்து வாங்கிவிடுவார்கள். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் மட்டும் இரண்டு இருக்கும், விலை அதிகம் என்பதால். அப்புறம் என்ன நடக்கும்? மூன்றாவது நோயாளிக்கு முன்னால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மாட்டுவார்கள். ஹேண்ட்பீஸ் நிற்கும் நொடியில் வாய்க்குள் இருக்கும் எச்சிலையும் ரத்தத்தையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வெளியே துடைத்து அதை எடுக்க முடியாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஹேண்ட்பீஸ் ஆட்டோகிளேவுக்குப் போயே ஆக வேண்டும். அதற்குப் போதுமான எண்ணிக்கை இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

எங்களுக்கு இது புரிந்தது தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வருஷம் முழுக்கப் பல்வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் வருவார்கள். ஒரு சாயங்காலம் இருபது பேர். "அக்கா, செட் இல்லை, கழுவி அப்படியே கொடுத்துடவா?" என்று புதுப்பெண் கேட்டாள். நல்லவேளை, கேட்டாள். நான்கு பேரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினோம். அந்த வாரமே இன்னும் மூன்று ஹேண்ட்பீஸ் வந்தது.

3. காலையில் சேர் போடும் முன்

கம்ப்ரஸர் டாங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுங்கள். ஈரக்காற்று ஊர் இது. ஒரு நாள் விட்டாலும் நீர் நிற்கும். அது காற்றுக் குழாய் வழியாக ஹேண்ட்பீஸ் பேரிங்குக்குப் போகும், காற்றில் உலர்த்த வேண்டிய பல்லை நனைக்கும்.

சேரின் தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹேண்ட்பீஸ் மாட்டாமல் ஒவ்வொரு குழாயையும் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். அந்த மெல்லிய குழாய்களுக்குள் இரவெல்லாம் நின்ற தண்ணீரில் பாக்டீரியா ஏடு கட்டும். ஓடவிட்டால் நின்ற தண்ணீர் போகும், ஆனால் ஏடு போகாது. அதற்கு நிறுவனம் சொன்ன மருந்தை அவர்கள் சொன்ன நாள் கணக்கில் போட வேண்டும். சாதாரணச் சிகிச்சைக்கு வரும் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 பாக்டீரியாத் திரளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அளவு. அறுத்துச் செய்யும் சிகிச்சைக்கு இந்தத் தண்ணீரே கூடாது, ஸ்டெரைல் சலைன் எனும் கிருமி நீக்கிய உப்புநீர்தான். ராத்திரி பாட்டிலைக் கழற்றிக் காலி செய்து கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

வாக்குவம் உள்ள ஆட்டோகிளேவ் என்றால் முதல் ஓட்டம் கருவி எதுவும் வைக்காமல், காற்று முழுதும் வெளியேறுகிறதா என்று பார்க்கும் சோதனை அட்டையுடன். அட்டை ஒரே சீராக நிறம் மாற வேண்டும். நடுவில் வெளிறிய வட்டம் தெரிந்தால் காற்று தங்குகிறது என்று பொருள். அன்றைக்கு அந்த மெஷினில் எதையும் ஓட்டாதீர்கள்.

4. நோயாளி எழுந்தவுடன்: கூர்மையானது முதலில்

ட்ரேயைத் தூக்குவதற்கு முன் ஊசியைத் தேடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். பஞ்சுக்கு அடியில் மறைந்திருக்கும் ஊசிதான் குத்தும்.

ஊசியை யார் பயன்படுத்தினாரோ அவரே அப்புறப்படுத்துவது நல்லது. மூடி போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு கையால்: மூடியை ட்ரேயில் படுக்கப் போட்டு ஊசி முனையால் குத்தி எடுங்கள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். சிரிப்பு வரும், ஆனால் பழகும் வரை அப்படித்தான் நிற்கச் சொல்வேன்.

மரத்துப்போகும் மருந்துக் குப்பி பற்றி ஒன்று. மருந்து போதவில்லை, இன்னும் கொஞ்சம் போட வேண்டும் என்றால் அதே ஊசியை மறுபடி குப்பிக்குள் விடக் கூடாது. ஊசியை மட்டும் மாற்றி அதே சிரிஞ்சோடு விடுவதும் கூடாது. புது சிரிஞ்ச், புது ஊசி. ஒருவர் ரத்தம் குப்பிக்குள் போனால் அன்று அந்தக் குப்பியிலிருந்து மருந்து வாங்கும் எல்லாருக்கும் போகும். இதை எந்த ஆட்டோகிளேவும் காப்பாற்றாது.

கழிவுப் பிரிப்பு 2016-ம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி. ரத்தம் பட்ட பஞ்சு, துணி, பிடுங்கிய பல் மஞ்சள் பையில். க்ளவுஸ், ஊசி இல்லாத சிரிஞ்ச், பிளாஸ்டிக் சக்ஷன் முனை சிவப்பில். ஊசி, பிளேடு, உடைந்த வேர்ச்சிகிச்சை ஃபைல் எல்லாம் குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் கிளினிக்கில் வைத்திருக்கக் கூடாது.

வெள்ளி நிறத்தில் அடைத்த பழைய பல்லைப் பிடுங்கினால் மஞ்சளில் போடாதீர்கள். அதில் பாதரசம் இருக்கிறது, எரித்தால் ஆவியாகிக் காற்றில் கலக்கும். அதைத் தனி மூடி டப்பாவில் சேருங்கள். பால்பல்லைக் கூரையில் எறியக் கேட்கும் குழந்தைக்கு டாக்டரம்மா கழுவிச் சின்ன உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார், அழுகை நின்றுவிடும்.

5. காயவிடாமல் கொண்டுபோங்கள்

ரத்தம் கருவியில் காய்ந்தால் அப்புறம் தேய்த்தாலும் போகாது. கழுவ நேரமில்லை என்றால் ரத்தக்கறையை இளக்கும் என்சைம் கரைசலில் நனைத்து மூடிய டப்பாவில் வையுங்கள். கையில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

இங்கே நடக்கும் பெரிய தப்பு, ப்ளீச்சிங் கரைசலில் ஊறப்போடுவது. கிருமி சாகட்டும் என்று நினைத்துச் செய்கிறார்கள். அதில் இருக்கும் குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஊசிமுனை அளவில் குழி பறிக்கும். ஏற்கெனவே உப்புக்காற்று அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நான் சேர்ந்த வருஷம் பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் ஒரு முழு வரிசையை இப்படிக் கெடுத்தேன். இரவு ஊறப்போட்டுவிட்டுப் போனேன், காலையில் பழுப்பாக இருந்தது. கீல் பக்கம் வந்த துரு எத்தனை தேய்த்தும் போகவில்லை.

6. கழுவுதல்

அழுக்கின் மேல் நீராவி பட்டால் அது வெந்து ஒட்டிக்கொள்ளும், அடியில் இருக்கும் கிருமி பத்திரமாக இருக்கும். மீன் கழுவாமல் குழம்பு வைப்பது போல. ஆட்டோகிளேவ் கொல்லும், கழுவாது.

கனமான ரப்பர் க்ளவுஸ் போடுங்கள். பல்காரை சுரண்டும் ஸ்கேலர் முனைக்குப் பரிசோதனை க்ளவுஸ் ஒன்றுமே இல்லை. கண்ணாடி, மாஸ்க், ஏப்ரன் எல்லாம் வேண்டும். கையால் தேய்ப்பதைக் குறைத்து அல்ட்ராசோனிக் க்ளீனருக்கு விடுங்கள். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் நீளப்பிடி பிரஷ், கருவி தண்ணீருக்குள் மூழ்கியிருக்க, ஒவ்வொன்றாக. தண்ணீருக்கு மேல் தேய்த்தால் முகத்தில் தெறிக்கும்.

அல்ட்ராசோனிக்கில் ஐந்து விஷயம். புதுக் கரைசல் ஊற்றியவுடன் ஐந்து பத்து நிமிடம் காலியாக ஓடவிட வேண்டும். கரைந்த காற்று வெளியேறினால்தான் குமிழி வேலை செய்யும். கருவி கூடையில் இருக்க வேண்டும், அடித்தட்டைத் தொடக் கூடாது. கீல் உள்ளவை திறந்திருக்க வேண்டும். மூடி போட்டுத்தான் ஓட்ட வேண்டும். கரைசலைத் தினம் மாற்றுங்கள். கலங்கினால் அதற்கு முன்பே.

மெஷின் வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு சுலபமான வழி: சமையல் அலுமினியம் ஃபாயில் துண்டைச் செங்குத்தாகப் பிடித்து இருபது முப்பது விநாடி இறக்கி எடுங்கள். எல்லா இடத்திலும் சின்னச் சின்னத் துளையும் சுருக்கமும் விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தால் அந்தப் பக்கம் அதிர்வு இல்லை.

கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். இதற்கு மட்டும் தண்ணீர் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரோடு கருவி காய்ந்தால் உப்பு அதன்மேல் தங்கும், ஆட்டோகிளேவ் சூட்டில் அதுவே கறையும் குழியுமாகும்.

ஹேண்ட்பீஸ் மட்டும் தனி வழி. நோயாளி எழுந்தவுடன் சேரில் மாட்டியபடியே 20–30 விநாடி தண்ணீரும் காற்றும் ஓட்டி, கழற்றி, வெளியே துடைத்து, எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயை ஓட்டி வெளியேற்றிப் பவுச்சுக்குப் போக வேண்டும். அல்ட்ராசோனிக்கில் போட்டால் பேரிங் போய்விடும். மேலே ஆட்டோகிளேவ் குறியும் டிகிரியும் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

7. உலர்த்திப் பாருங்கள், அப்புறம் பவுச்

ஈரக் கருவியைப் பவுச்சில் போட்டால் துருவும் வரும், காகிதமும் நையும். பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்கேலர் முனையிலும் ஃபோர்செப்ஸ் கீலிலும் ஃபைல் புரியிலும்தான் மிச்சம் இருக்கும். அழுக்கு தெரிந்தால் திரும்ப சிங்க்குக்கு. துரு தெரிந்தால் தனியே எடுங்கள். துருப்பிடித்த ஒன்று பக்கத்தில் இருப்பதற்கும் தொற்ற வைக்கும்.

பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பசை மடிப்பைச் சரியாகக் கோட்டில் மடியுங்கள். சுருக்கம் விழுந்தால் அது ஓட்டைதான். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள். தேதி, ஓட்ட எண், போட்டவர் முதலெழுத்து மூன்றையும் பிளாஸ்டிக் பக்கம் எழுதுங்கள். காகிதப் பக்கம் பேனா அழுத்தினால் கிழியும்.

8. ஆட்டோகிளேவ்: நீராவி எல்லா இடமும் போக வேண்டும்

உங்கள் மெஷின் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வாக்குவம் பம்ப் வைத்துக் காற்றை முன்கூட்டியே உறிஞ்சுவது பி (B) வகை. ஹேண்ட்பீஸ் மாதிரிக் குழல் உள்ள கருவியையும் பவுச் போட்டவற்றையும் இதில்தான் நம்பி வைக்கலாம். வாக்குவம் இல்லாத ‘N’ வகை பொதியாத, திடமான கருவிகளுக்குத்தான். விளம்பரத்தில் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் என்று போட்டிருந்தால் அது பி வகை ஆகிவிடாது.

இன்னும் சில இடங்களில் குக்கர் மாதிரி மேல் திறக்கும் பழைய ஆட்டோகிளேவ் இருக்கிறது. 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். இதில் பொதிந்து ஓட்டுகிற இடங்களில் 30 நிமிடம் வைப்பார்கள். இதில் புதியவர்கள் செய்யும் தப்பு, ஆரம்பத்திலேயே வால்வை மூடிவிடுவது. உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி 15 காட்டும், ஆனால் சூடு 121-க்கு வந்திருக்காது. காற்றும் நீராவியும் சேர்ந்துதான் அந்த அழுத்தத்தைக் கொடுக்கின்றன. வீட்டுக் குக்கரில் ஆவி சீறி வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம். இங்கேயும் நீராவி தொடர்ந்து வலுவாக வந்த பிறகே வால்வை மூட வேண்டும். நேரத்தையும் அப்போதிலிருந்து எண்ணக் கூடாது, சூடு 121-ஐத் தொட்டதிலிருந்துதான் எண்ண வேண்டும்.

பி வகையில் பவுச் போட்டவற்றுக்கு 134 டிகிரி ஓட்டம். அந்தச் சூட்டில் நிற்பது சில நிமிடம்தான், மீதி நேரமெல்லாம் வாக்குவமும் உலர்த்தலும். எந்த ஓட்டம் எதற்கு என்பதை மெஷின் புத்தகம் பார்த்துத் தமிழில் எழுதி மெஷின்மேல் ஒட்டுங்கள்.

அடுக்கும்போது பவுச்சை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போடாதீர்கள். ராக்கில் நிறுத்துங்கள், ஒன்றின் காகிதப் பக்கம் அடுத்ததன் பிளாஸ்டிக்கைப் பார்க்கட்டும். நீராவி நுழைவதும் ஈரம் வெளியேறுவதும் காகிதம் வழியாகத்தான். சுவரைத் தொடக் கூடாது. கூட்ட நாளில் இன்னும் இரண்டு பவுச் திணிக்கத் தோன்றும். திணித்தால் எல்லாமே சந்தேகம்.

பாதியில் கரண்ட் போனால்? போன இடத்திலிருந்து மிச்ச நிமிடத்தை ஓட்டினால் போதும் என்று எல்லாப் புதியவர்களும் நினைக்கிறார்கள். போதாது. சூடு விடாமல் அத்தனை நிமிடமும் நிற்க வேண்டும். முதலிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். பவுச் நனைந்திருந்தால் புதுப் பவுச்சில் போட்டு ஓட்டுங்கள்.

9. வெளியே எடுத்து வைத்தல்

உலர்த்தல் முடியும் முன் கதவைத் திறக்காதீர்கள். ஈரக் காகிதம் கிருமியைத் தடுக்காது, உள்ளே இழுக்கும். ஈரமாக வந்த பவுச் கிருமி நீக்கப்பட்டதாகக் கணக்கில் இல்லை. ஹேண்ட்பீஸ் தானாக ஆறட்டும், பைப்படியில் காட்டாதீர்கள்.

கதவுள்ள உலர்ந்த அலமாரியில், சிங்க்குக்கு அடியிலோ கடல் பார்த்த ஜன்னல் பக்கமோ இல்லாமல் வையுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். கிழிந்தது, நனைந்தது, தரையில் விழுந்தது எல்லாம் திரும்பப் போகும்.

நீல விளக்கு எரியும் யூவி பெட்டி பல கிளினிக்கில் இருக்கிறது. நோயாளிகளுக்குப் பார்க்க நம்பிக்கையாக இருக்கும். அது வைக்கும் பெட்டி, கிருமி நீக்கும் பெட்டி இல்லை. விளக்கு படாத அடிப்பக்கத்தில் ஒன்றும் நடக்காது. கழுவிய கருவியை நேரே அதில் வைத்து எடுத்துப் பயன்படுத்துவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன். கொதிக்கும் தண்ணீரும் அப்படித்தான், ஸ்போர் (சூடு தாங்க ஓடு கட்டிக்கொண்ட பாக்டீரியா) சாகாது. 2 சதவீத க்ளூட்டரால்டிஹைடில் முழுக் கிருமி நீக்கத்துக்கு 10 மணி நேரம் மூழ்கியிருக்க வேண்டும். இருபது நிமிடம் முக்கி எடுப்பது அதற்கு ஈடாகாது. சூடு தாங்கும் கருவிக்கு அது தேவையும் இல்லை.

10. வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்

பவுச் மேல் இருக்கும் நிறக்கோடு மாறினால் சூடு பட்டது என்று மட்டும்தான் பொருள். எவ்வளவு நேரம் என்று அது சொல்லாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அடுக்கின் நடுவில் ஒரு பவுச்சுக்குள் சூடு, நேரம், நீராவி மூன்றுக்கும் சேர்த்து நிறம் மாறும் ஐந்தாம் வகைப் பட்டையைப் போடுங்கள்.

வாரம் ஒரு முறை ஸ்போர் சோதனை. ஜியோபாசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் உள்ள சின்னக் குப்பி அது. மிகவும் சூடு தாங்கும் ஜாதி. அதுவே செத்தால் மற்றவை செத்திருக்கும். ஒரு குப்பியை ஆட்டோகிளேவில் ஓட்டி, ஓட்டாத இன்னொன்றோடு சேர்த்து அதற்கான இன்குபேட்டரில் வைக்க வேண்டும். எங்களுடையதில் ஓட்டாதது ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறும், ஓட்டியது ஊதாவாகவே இருக்க வேண்டும். இரண்டும் ஊதாவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஓட்டாத குப்பியே வளரவில்லை என்றால் அந்தச் சோதனை செல்லாது.

ஓட்டியதும் மஞ்சளானால் மெஷினை நிறுத்துங்கள். அடுக்கியது, ஓட்டம், தண்ணீர், கதவு ரப்பர் எல்லாம் சரிபார்த்து மறுபடி சோதனை. அதுவும் மஞ்சள் என்றால் மெஷின் ரிப்பேருக்கு. கடைசியாகச் சரியாக வந்த சோதனைக்குப் பிறகு ஓட்டி அலமாரியில் இருக்கும் எல்லாப் பவுச்சும் திரும்ப வர வேண்டும். பவுச்சில் ஓட்ட எண் எழுதச் சொன்னது இதற்குத்தான். நோட்டில் தேதி, எண், சூடு, நேரம், பட்டையின் நிறம், கையெழுத்து எல்லாம் அன்றன்றைக்கே எழுதுங்கள். சனிக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுதுக்கும் ஒரே பேனாவில் எழுதிய நோட்டைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்.

11. சேரும் எக்ஸ்ரேயும்

லைட் பிடி, ஸ்விட்ச், ஹெட்ரெஸ்ட், எக்ஸ்ரே எடுக்க வாய்க்குள் வைக்கும் ஆர்விஜி சென்சார் இவற்றை ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. அதனால் முன்பே பிளாஸ்டிக் உறை போட்டு ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றுங்கள். சென்சார் உறையைக் கழற்றிய பிறகும் கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். உறையில் ஓட்டை விழுவது கண்ணுக்குத் தெரியாது. துடைத்த இடம் பாட்டிலில் சொன்ன நேரம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும். உடனே உலர்த்தினால் பளபளப்புதான் மிச்சம்.

எக்ஸ்ரே மெஷின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும்; அது டாக்டர் வேலை. உங்கள் வேலை, எடுக்கும்போது குழாயிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, கதிர் போகும் நேர் திசையில் இல்லாமல் நிற்பது. சென்சாரை நோயாளி வாயில் உங்கள் விரலால் பிடிக்காதீர்கள், யார் சொன்னாலும். அதற்குப் பிடிப்பான் இருக்கிறது.

12. உப்புக்காற்றுக்கான வார வேலை

ஆட்டோகிளேவுக்குள் இருக்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை முழுதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள். கதவு ரப்பரை டிஸ்டில்டு வாட்டர் நனைத்த துணியால் துடையுங்கள்; உப்புப் படிந்த ரப்பரில்தான் நீராவி கசியும். ட்ரேயை கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். நம் ஊரில் செம்பு சீக்கிரம் பச்சையாகும், பிளக் சூடாகி உருகும்.

13. ஊசி குத்திவிட்டால்

இது கடைசியில் இருந்தாலும் முதல் நாளே மனப்பாடம் ஆக வேண்டும்.

வேலையை அப்படியே விடுங்கள். க்ளவுஸைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ ப்ளீச்சோ ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்தால் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நோயாளி கிளம்பிவிடும் முன் சொன்னால்தான் அவர் சம்மதத்தோடு ரத்தம் பார்க்க முடியும். எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவை என்று முடிவானால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

அந்த மாத்திரை எந்த அரசு மருத்துவமனையில், எந்த நேரத்தில் கிடைக்கும் என்று இப்போதே போய்க் கேட்டு வையுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போக பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊசி குத்தினால் யார் வண்டியில் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் சிங்க்குக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது: மருத்துவமனை வார்டு நம்பர், ஆட்டோக்காரர் போன் நம்பர், டாக்டரம்மா வீட்டு நம்பர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த மூன்றையும் கூப்பிட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று அட்டையிலேயே தேதி எழுதுகிறோம்.